சீலிங் ஓட்டையை மூடுவதற்கு முன்
பழைய வீடு வாங்கிய நம் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்ரன் பக்கங்களில் பழைய வீடு வாங்கிக் குடிபுகுந்திருக்கும் அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கையருக்கு,



சுவரும் சீலிங்கும் பூசித் திருத்துவது என் தொழில். எனக்கு அழைப்பு பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வரும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள், ஹோலுக்கு நடுவே சீலிங்கில் ஒரு ஓட்டை, இன்றைக்கே மூடித் தருவீர்களா என்று கேட்பார்கள். அழைக்காமலே காரியத்தை முடித்துவிடுகிறவர்களும் உண்டு. பேப்பரைச் சுருட்டித் திணித்து மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். டின்னில் வரும் ஃபோமை உள்ளே அடித்து, பொங்கி நிற்பதைக் கத்தியால் சீவிவிடுவார்கள். எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்படுத்துவது இன்னொன்று. ஓட்டையைச் சுற்றியுள்ள சொரசொரப்பு இடைஞ்சலாக இருக்கிறதே என்று, முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல், கீழே பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருக்க, தகட்டால் சரசரவென்று சுரண்டித் தள்ளுகிறார்கள்.

உள்ளங்கை அகல ஓட்டையை மூடுவது பெரிய வேலை அல்ல. ஏணியில் நிலையாக நிற்கத் தெரிந்த, பொறுமை உள்ள யாரும் செய்யலாம். அந்த வேலையை எப்படிச் செய்வது என்றும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன் அந்தச் சீலிங் எதனால் ஆனது, அதன் மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம் ஊர் வீடுகளில் மேலே பார்த்தால் ஓடு தெரியும், அல்லது சீமெந்துத் தளம் தெரியும். இங்கே தெரிவது ட்ரைவோல். இரண்டு தடித்த தாள்களுக்கு நடுவே ஜிப்சம் வைத்து அழுத்திய பலகை. சீலிங்கில் அரை அங்குலமோ எட்டில் ஐந்து அங்குலமோ தடிப்பு இருக்கும். மரச்சட்டங்களில் திருகாணியாலோ ஆணியாலோ பிடித்து, பலகைகள் சந்திக்கும் இடத்தில் தாள் நாடா ஒட்டி, வெள்ளைக் களி போன்ற 'மட்' என்ற கலவையைப் பூசி மறைத்திருப்பார்கள். அந்த இணைப்புகளை மழமழவென்று முடிக்கக் கைத்தேர்ச்சியும் நேரமும் வேண்டும். தலைக்கு மேலே என்றால் இன்னும் கூடுதல். ஜன்னல் வெளிச்சம் சரிவாகப் பட்டால் சீலிங்கில் ஒரு மயிரிழை மேடுகூடக் காட்டிக்கொடுத்துவிடும். வீடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கட்டிய காலத்தில் கட்டுநர்கள் இதற்குக் கண்ட வழிதான் பொப்கோர்ன் சீலிங். சொரசொரப்பான கலவையை மேலே தெளித்துவிட்டால் குறைகள் மறையும், வேலை சுருக்கமாக முடியும், அறையில் எதிரொலியும் கொஞ்சம் அடங்கும். குசினியையும் குளியலறையையும் மட்டும் ஆவிக்கும் எண்ணெய்க்கும் பயந்து மழமழப்பாக விடுவார்கள். பிறகு கட்டிய வீடுகளில் சுவரோரம் சில அங்குலம் மழமழவென்று விட்டு, நடுவில் மட்டும் சொரசொரப்பைத் தெளித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

வீட்டின் வயதை முதலில் பாருங்கள். 1990க்கு முன் கட்டிய வீடு என்றால் சீலிங்கைச் சுரண்டாதீர்கள், மணல்தாள் போடாதீர்கள், தும்புத்தடியால்கூடத் தட்டாதீர்கள். அந்தக் காலத்துப் பூச்சில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், கலந்திருக்கக்கூடும். அமெரிக்காவில் பலகை இணைப்புக்குப் பூசும் மட்டில் கல்நார் சேர்ப்பதை 1977இலும், அலங்காரத்துக்குத் தெளிக்கும் பூச்சில் சேர்ப்பதை 1978இலும் தடுத்தார்கள். தடை வந்த அன்றே கடையில் உள்ள மூட்டைகள் மறைந்துவிடுவதில்லை. கனடாவிலோ கல்நாரையும் கல்நார் சேர்ந்த பொருட்களையும் தடைசெய்யும் ஒழுங்குவிதி 2018 டிசம்பர் 30ஆம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. கியூபெக்கில் சுரங்கம் தோண்டி உலகத்துக்கே கல்நார் விற்ற நாடு இது. அதனால் எண்பதுகளில் கட்டிய வீடு புது வீடுதானே என்று நினைக்க வேண்டாம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் மூத்தவர்கள். "நாங்கள் அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழேதானே பிறந்து வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆனது?" என்பார்கள். அவர்களை மதித்தே பதில் சொல்கிறேன். ஊரில் கூரைக்குப் போட்ட அந்தச் சீற்றில் கல்நார் சீமெந்தோடு இறுகிக் கிடக்கிறது. வெட்டாமல் உடைக்காமல் துளைக்காமல் விட்டால் இழைகள் எளிதில் வெளியே வராது. இங்கே சீலிங்கில் தெளித்த பூச்சு விரலால் நசுக்கினாலே பொடியாக உதிரும். அந்தப் பொடியில் உள்ள இழை கண்ணுக்குத் தெரியாது. மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும். ஃபர்னஸ் ஓடினால் காற்றுக்குழாய் வழியே வீடு முழுக்கப் போகும். மூச்சோடு உள்ளே போனது நுரையீரலிலும் அதைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்விலும் தங்கிவிடும். அதனால் வரும் நோய் பத்து, இருபது, நாற்பது ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். சுரண்டிய கிழமை இருமல் வரவில்லை என்பதை வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. தரையில் தவழ்கிற குழந்தைக்கு முன்னால் இருக்கும் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள்.

கல்நார் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. என்னாலும் முடியாது. "எனக்குப் பார்த்தாலே தெரியும்" என்று ஒரு தொழிலாளி சொன்னால் அவரை நம்ப வேண்டாம். ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்புவது ஒன்றே வழி. அதற்கு ஆகும் செலவு மாதிரிக்குச் சில பத்து டொலர்தான். மாதிரியை அதற்குப் பயின்ற ஒருவரைக் கொண்டு எடுப்பது நல்லது. அவர் ஃபர்னஸை நிறுத்தி, கீழே பிளாஸ்டிக் விரித்து, பாத்திரம் கழுவும் சோப் ஒரு துளி விட்ட தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டு, பூச்சின் மேலிருந்து பலகைத் தாள் வரை முழுத் தடிப்பையும் சேர்த்து எடுப்பார். ஒன்ராறியோவில் இதற்கென்று 278/05 என்ற ஒழுங்குவிதி இருக்கிறது. உலர்ந்த எடையில் 0.5 விழுக்காடோ அதற்கு மேலோ கல்நார் இருந்தால் அது கல்நார்ப் பொருள். தெளித்த பூச்சு 90 சதுர மீற்றருக்குக் குறைவாக இருந்தாலும் குறைந்தது 3 மாதிரி எடுக்க வேண்டும். அன்று மூட்டை மூட்டையாகக் கலந்து தெளித்தார்கள். ஒரு மூலையில் இல்லாதது அடுத்த மூலையில் இருக்கலாம். ஆகவே ஒரே ஒரு மாதிரி கொடுத்து "இல்லை" என்ற பதிலோடு நிம்மதியாகிவிடாதீர்கள்.

கல்நார் இருக்கிறது என்று வந்தால் பயந்து வீட்டை விற்க வேண்டியதில்லை. சீண்டாத சீலிங் தன்பாட்டில் இருக்கும். ஆனால் அந்த ஓட்டையில் நீங்களும் கை வைக்க வேண்டாம், என்னைப் போன்றவரையும் கூப்பிட வேண்டாம். கல்நார் அகற்றுவதற்குப் பயிற்சியும் கருவியும் உள்ளவர்களிடம் கொடுங்கள். இனி நான் எழுதுவதெல்லாம் கல்நார் இல்லை என்று உறுதியான சீலிங்குக்குத்தான்.

அடுத்தது, மேலே என்ன இருக்கிறது என்பது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கைபேசியின் கமராவை ஓட்டைக்குள் உயர்த்தி, விளக்கோடு நாலு பக்கமும் படம் எடுங்கள். இரண்டு நிமிட வேலை. ஓட்டை ஏன் வந்தது, எப்படி மூட வேண்டும் என்பதற்கெல்லாம் பதில் பெரும்பாலும் அந்தப் படத்திலேயே கிடைத்துவிடும்.

மேல்மாடிச் சீலிங் என்றால் பலகைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு தெரிய வேண்டும், அதற்கு மேலே இன்சுலேஷன். பனிக்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று கூரைக்கு அடியில் உள்ள அற்றிக்குக்குள் போகாமல் அந்த விரிப்புத்தான் தடுக்கிறது. நம் வீடுகளில் இது இன்னும் முக்கியம். புட்டு அவிக்கிறோம், இடியப்பம் அவிக்கிறோம், சோறு வடிக்கிறோம். பெரிய குடும்பம் என்பதால் காலையில் வரிசையாகக் குளிக்கிறோம். இவ்வளவு ஆவியும் மேலேதான் ஏறும். விரிப்பில் கிழிசல் இருந்தால் அது வழியே அற்றிக்குக்குப் போய், குளிர்ந்த கூரைப் பலகையில் உறைபனியாகப் படியும். வெயில் ஏறிய நாளில் உருகிச் சொட்டும். பிறகு சீலிங்கில் பழுப்பு வளையம், கூரைப் பலகையில் கறுப்புப் பூஞ்சணம். கூரை ஒழுகுகிறது என்று எண்ணிக் கூரைக்காரரைக் கூப்பிடுவார்கள். அதனால் பலகையை ஒட்டுவதற்கு முன் அந்த விரிப்பின் கிழிசலை ஒட்டுங்கள். கட்டடக் கடைகளில் கிடைக்கும் சிவப்பு நாடா அதற்கென்றே உள்ளது. ஒரு சாண் நாடா போதும்.

அதே இடத்தில் சாம்பலும் பொன்னிறமும் கலந்த, மின்னுகிற சிறு உருண்டைகள் கண்ணில் பட்டால், அல்லது ஓட்டை வழியே கொட்டினால், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு அறைக் கதவைச் சாத்துங்கள். அது வெர்மிகுலைட் இன்சுலேஷன். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் லிபி என்ற ஊரில் தோண்டிய வெர்மிகுலைட்டில் கல்நார் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990இல்தான் மூடப்பட்டது. கனடாவின் பழைய வீடுகளிலும் அந்தச் சரக்கைக் கொட்டியிருக்கிறார்கள். வந்த இடம் தெரியாத வெர்மிகுலைட் எதையும் கல்நார் உள்ளதாகவே கொள்ள வேண்டும்.

கீழ்மாடிச் சீலிங்கில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும். ஓட்டையின் ஓரம் மெத்தென்று இருந்தால், தாள் உப்பி இருந்தால், பழுப்பு வளையம் இருந்தால், மேலே குளியலறையோ குழாயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுக்கை நிறுத்தி, பலகை காய்ந்த பிறகுதான் மூட வேண்டும். மின்கம்பிகளை இணைத்த பெட்டி ஒன்று தெரிந்தால் அதைப் பலகையால் மூடி மறைக்கக் கூடாது. எப்போதும் கை எட்டும்படி, மூடித்தகடு போட்டு விட வேண்டும் என்பது சட்டம். பெட்டியே இல்லாமல் கம்பிகளை முறுக்கி நாடா சுற்றி விட்டிருந்தால் அன்றே உரிமம் உள்ள மின்தொழிலாளியைக் கூப்பிடுங்கள்.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் இந்தப் பத்தியைக் கவனமாக வாசிக்க வேண்டும். மேல்வீட்டுக்கும் பேஸ்மென்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சீலிங் தீயைத் தடுப்பதற்காகவும் போடப்பட்டது. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர், வேதிக்கட்டாக உள்ளே அடங்கியிருக்கிறது. தீ பட்டால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். அது முடியும் வரை பலகையின் மறுபக்கம் சூடேறுவது மந்தமாகவே இருக்கும். தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட அந்த நிமிடங்கள்தான் கிடைக்கும். அங்கே உள்ள ஓட்டையில் பேப்பரோ சாதாரண ஃபோமோ திணித்தால் அந்தப் பாதுகாப்பு அந்த இடத்தில் இல்லாமல் போகிறது. இருக்கும் பலகையின் வகை எதுவோ, தடிப்பு எதுவோ, அதே பலகைத் துண்டைத்தான் வைக்க வேண்டும். வீட்டோடு ஒட்டிய கராஜின் சீலிங்குக்கும் இதே கவனம் தேவை. அங்கே காரின் புகை மேல் அறைக்கு ஏறாமல் தடுப்பதும் அந்தச் சீலிங்தான்.

இவ்வளவும் பார்த்தாயிற்று, சாதாரண ஓட்டைதான் என்றால் வேலையைத் தொடங்கலாம். நம் வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் ஓட்டை கொழுவி பிடுங்கி வந்தது. குழந்தைக்கு ஏணை கட்டவோ, சாமத்திய வீட்டுச் சோடனைக்கோ கொழுவியை வெறும் பலகையில் திருகிவிடுகிறார்கள். மரச்சட்டம் இருக்கும் இடம் பார்த்துத் திருகினால் அது வேறு. வெறும் பலகையில் திருகியது, பிளாஸ்டிக் ஆப்பு வைத்திருந்தாலும், ஆடுகிற பாரத்தைத் தாங்காது. ஏணையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பிடுங்கி வந்த இடத்தில் வெளியே காசளவு துவாரம் தெரியும். விரலால் மெல்லச் சுற்றி அழுத்திப் பாருங்கள். உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நொறுங்கியிருக்கும். மேல் தாள் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த நொறுங்கல் மேல் எதைப் பூசினாலும் ஒரு நாள் தட்டோடு கீழே விழும். ஆகவே முதலில் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். மனம் ஒப்பாது, ஆனாலும் அதுதான் சரி. உறுதியான பலகை வரும் வரை சதுரமாகக் கோடு போட்டு, சிறு கைவாளால் வெட்டுங்கள். மேலே கம்பியும் குழாயும் இல்லை என்று படத்தில் பார்த்துவிட்டதால் இப்போது பயம் இல்லை.

வெட்டிய சதுரத்தைச் சுற்றி ஆறு அங்குல அகலத்துக்குச் சொரசொரப்பைத் தண்ணீர் தெளித்து நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, அகலத் தகட்டால் மெல்லத் தள்ளுங்கள். பெயின்ட் அடிக்காத பொப்கோர்ன் என்றால் ஊறிய மாவு மாதிரி கழன்று வரும். பெயின்ட் அடித்தது என்றால் நீர் இறங்காது. பொறுமையாகச் சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுச் சொரசொரப்பின் மேலேயே நாடா ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிடிக்காது.

பிறகு ஓட்டையை விட இரண்டு மடங்கு நீளமான சிறு மரச்சட்டம் ஒன்றை உள்ளே சாய்த்து நுழைத்து, பலகையின் மேல்முகத்தோடு அணைத்துப் பிடித்து, கீழிருந்து பலகை வழியே இருபக்கமும் திருகாணி ஏற்றுங்கள். திருகாணியின் தலை தாளுக்குக் கொஞ்சம் உள்ளே அமிழ வேண்டும், தாளைக் கிழிக்கக் கூடாது. தாள் கிழிந்தால் பிடி போய்விட்டது. அந்தத் திருகாணியை விட்டு அடுத்து ஒன்று போடுங்கள். அதே தடிப்புப் பலகையில் வெட்டிய துண்டை, சுற்றிவர ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும்படி வைத்து, மரச்சட்டத்தோடு திருகுங்கள். கடையில் ஒட்டுப்பசையோடு வரும் அலுமினிய வலைத் தகடு சுவரில் பரவாயில்லை. சீலிங்கில் அதை நான் போடுவதில்லை. பலகையின் மட்டத்துக்கு மேலே ஒட்டுவதால் மேடாகத் தெரியும். பின்னால் தாங்குவதற்கும் ஒன்றும் கிடையாது.

மட் இரண்டு வகை. வாளியில் கலந்தே வருவது காய்ந்து இறுகும், காயும்போது சுருங்கும். மூட்டையில் தூளாக வருவது தண்ணீர் விட்டதும் வேதிவினையால் இறுகும், அவ்வளவாகச் சுருங்காது. 45, 90 என்று மூட்டையில் போட்டிருப்பது அது இறுக எடுக்கும் நிமிடம். இடைவெளியை நிரப்பவும், நாடாவுக்கு அடியில் பூசவும் தூள் மட்டையே எடுங்கள். புதிதாகச் செய்கிறவர்களுக்கு 90 நல்லது, பதற்றம் இருக்காது. கண்ணாடி இழை வலை நாடா ஒட்டினால் கட்டாயம் தூள் மட்தான். தாள் நாடா என்றால் மட்டைப் பூசி, ஈரம் இருக்கும்போதே நாடாவைப் பதித்து, தகட்டால் நடுவிலிருந்து இருபக்கமும் இழுத்து, அடியில் காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்த வேண்டும். மேல்பூச்சுக்கு வாளி மட் சுகம்; இழுக்க மிருதுவாக இருக்கும். ஒவ்வொரு பூச்சும் தாள் அளவு மெல்லியதாக, முந்தியதை விட அகலமாக. ஓட்டை ஆறு அங்குலம் என்றால் கடைசிப் பூச்சு ஒன்றரை அடிக்குப் பரவியிருக்கும். ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் வெடிக்கும். ஒவ்வொன்றும் முழுதாகக் காயவிடுங்கள். காய்ந்த மட்டை உலர்ந்த மணல்தாளால் தேய்க்காமல், பிழிந்த ஈர ஸ்பொஞ்சால் துடைத்து மட்டமாக்குங்கள். கண்ணிலும் மூச்சிலும் தூசி போகாது, அறையும் வெள்ளையாகாது.

மேலே பிரைமர் ஒரு கை. நீர்க்கறை இருந்த இடம் என்றால் கறை மறைக்கும் எண்ணெய்ப் பிரைமரோ ஷெலாக் பிரைமரோ வேண்டும். சாதாரண வெள்ளைப் பெயின்ட்டை எத்தனை கை அடித்தாலும் பழுப்பு மேலே வந்துவிடும்.

எல்லோரும் அதிகம் கவலைப்படுவது சொரசொரப்பை ஒப்பிடுவதைப் பற்றி. என் கணக்கில் அது கடைசி வேலை, குறைந்த முக்கியமும்கூட. பொப்கோர்னுக்கு டின்னில் தெளிப்பான் கிடைக்கிறது. டின்னை அறைச் சூட்டில் வைத்திருந்து, நன்றாகக் குலுக்கி, முதலில் ஒரு பெட்டி அட்டையில் அடித்துப் பழகுங்கள். அட்டையைச் சீலிங்குக்குக் கீழே தலைகீழாகப் பிடித்தே பழகினால் தூரமும் வேகமும் கைக்கு வரும். குட்டிக் குட்டித் தெளிப்பாக, ஓட்டையின் நடுவிலிருந்து வெளியே கலைந்து போகிற மாதிரி அடியுங்கள். போதாவிட்டால் பிறகு இன்னும் அடிக்கலாம். கூடினால் வழித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தெளித்துத் தகட்டால் தட்டையாக்கிய வகைச் சீலிங் என்றால், தெளித்த மட்டின் பளபளப்பு மங்கும் வரை பொறுத்திருந்து, அகலத் தகட்டை அழுத்தாமல் ஒரே இழுவையாக இழுங்கள். தூரிகையைக் குத்திக் குத்தி எடுத்துக் காக்கைக் கால் மாதிரி பதித்திருந்தால் அதே வகைத் தூரிகையைத் தேடி வாங்குங்கள். வேறு எதனாலும் அந்த வடிவம் வராது. கீழே தரையும் தளபாடமும் மூடியிருக்கட்டும்.

இவ்வளவு செய்தும், ஏணியிலிருந்து பார்த்தால் ஒட்டு எங்கே என்று உங்களுக்குத் தெரியும். தரையில் நிற்கிறவருக்குத் தெரியாது. தெரிந்தால் அது பெரும்பாலும் நிறத்தால்தான். பல ஆண்டு தாளித்த புகையும் சாம்பிராணியும் ஏறிய சீலிங் மங்கிய மஞ்சளாகியிருக்கும். ஒட்டு மட்டும் பளிச்சென்று வெள்ளை. அப்போது முழுச் சீலிங்குக்கும் பளபளப்பில்லாத வெள்ளை அடிப்பதுதான் வழி. ஒரு கவனம்: இதுவரை பெயின்ட் காணாத பொப்கோர்னில் நீர்ப் பெயின்ட்டை உருளையால் உருட்டினால் ஈரத்தில் பூச்சு ஊறி, உருளையோடு சுருண்டு வந்துவிடும். முதல் கை எண்ணெய்ப் பிரைமராக இருக்கட்டும். ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உருட்டாமல் அடியுங்கள்.

ஆள் பிடித்துச் செய்விப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு ஓட்டைக்காகப் பார்க்க வந்தவர், "முழுச் சீலிங்கையும் சுரண்டி மழமழப்பாக்கிவிடலாம், இப்போது இதுதான் நாகரிகம்" என்று சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். சொரசொரப்புக்கு அடியில் உள்ள இணைப்புகளைப் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் முடித்திருப்பார்கள். அதைக் கழற்றினால் வரி வரியாக மேடு பள்ளம் தெரியும். முழுப் பரப்புக்கும் மட் பூசித் தேய்க்க வேண்டும். ஒரு சனி ஞாயிற்றில் முடிய வேண்டியது, வீட்டைக் காலி செய்து செய்கிற வேலையாகிவிடும். அதை விரும்பிச் செய்வது உங்கள் உரிமை. ஓட்டைக்காகச் செய்ய வேண்டிய தேவை இல்லை. வருகிறவர், வீடு எந்த ஆண்டு கட்டியது என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். கல்நார் ஆய்வு முடிவைக் காட்டுங்கள் என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காமல் தகட்டை எடுக்கிறவரைத் திருப்பி அனுப்புங்கள். அப்படி வருகிறவர்களில் நம் பையன்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று வீட்டுச் சீலிங்கைச் சுரண்டுகிற அந்தப் பையன்களின் நுரையீரலும் எனக்குக் கவலைதான். தம்பிமாரே, வீட்டுக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று ஆய்வு இல்லாமல் கை வைக்காதீர்கள். கடதாசி முகக்கவசம் இதற்குக் காணாது.

வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பேஸ்மென்டில் படிக்க வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. சீலிங்கில் ஓட்டை விழுந்தால், நீர்க்கறை கண்டால், காசு பிடிப்பார்களோ, எழும்பச் சொல்வார்களோ என்று பயந்து படமோ ஸ்டிக்கரோ ஒட்டி மறைக்கிறார்கள். ஒன்ராறியோவில் சேதத்துக்கென்று முற்பணம் வாங்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. கடைசி மாத வாடகையை மட்டுமே முன்கூட்டி வாங்கலாம். அது அவர்களுக்குத் தெரியாது. வீட்டுச் சாவியைக் கொடுக்கிற அன்றே, சீலிங்கில் எதைக் கண்டாலும் எனக்கு உடனே சொல்லுங்கள், திருத்துவது என் பொறுப்பு, அதற்காக உங்களைப் பேச மாட்டேன் என்று வாயால் சொல்லிவிடுங்கள். அவர்கள் சொன்னால் அன்றைக்கே ஏணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு ட்ரைவோல் தொழிலாளி